காண்டவமும் இந்திரப்பிரஸ்தமும்

1

மகாபாரதத்தில் வரும் ஒரு நாட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் உடனே இரண்டு கேள்விகள் வந்துவிடுகின்றன. அது எங்கே இருந்தது, எப்போது இருந்தது. நியாயமான கேள்விகள்தாம், அவற்றுக்கென்று ஒரு துறை இருக்கிறது, அது தன் வேலையைச் செய்துகொண்டும் இருக்கிறது. ஆனால் காவியத்தைக் கையில் வைத்துக்கொண்டு இந்த இரண்டை மட்டுமே கேட்கிறவன் அதைப் படிக்கிறவன் அல்ல. கிராமக் கணக்குப்பிள்ளை பட்டாவைப் புரட்டுகிற மாதிரி புரட்டுகிறான். எல்லை தெரிந்தால் போதும் அவனுக்கு. இந்திரப்பிரஸ்தத்தின் விஷயத்தில் இந்த மனோபாவம் கொஞ்சம் வேடிக்கையாகவும் ஆகிவிடுகிறது. ஏனெனில் அந்த நிலம் யாருடையது, எப்படிக் கைக்கு வந்தது என்கிற சங்கடமான விவகாரத்தைக் காவியமே எழுப்பி, தீர்த்துவைக்காமல், கடைசிப் பருவங்கள் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகிறது.

தொல்பொருள் சங்கதிகளை முதலில் சொல்லி முடித்துவிடலாம். தில்லியின் புராணா கிலா இருக்குமிடம்தான் பழைய இந்திரப்பிரஸ்தம் என்பது நெடுநாளைய நம்பிக்கை. ஹுமாயூன் 1533இல் தொடங்கிய தீன்பனா அந்த இடத்தில் எழுந்தது என்பது அபுல் ஃபஸலின் குறிப்பு. அதற்கும் முந்தியது 1328ஆம் ஆண்டுக்குரிய ஒரு கல்வெட்டு. இன்று புதுதில்லிக்குள் அடங்கிப்போய்விட்ட சர்பன் என்ற கிராமத்தை அது இந்திரப்பிரஸ்த வட்டத்தைச் சேர்ந்ததாகச் சொல்கிறது. கோட்டைக்குள்ளேயே இந்தர்பட் என்று ஒரு குடியிருப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இருந்தது. புதுதில்லி கட்டியபோது அதை அப்புறப்படுத்தினார்கள். பெயர் தொடர்ந்து வந்ததற்கு இவ்வளவு ஆதாரம் போதும். பொருள்கள் தருகிற ஆதாரம் இத்தனை தாராளமாக இல்லை. பி. பி. லால் 1950-52இல் ஹஸ்தினாபுரத்தைத் தோண்டியபோது சாம்பல்நிற வண்ணக் கலங்களைப் புழங்கிய ஒரு சமூகம் வெளிப்பட்டது. அவர்களுடைய சுவர்கள் மண்ணாலும், நாணல் தட்டியின்மேல் பூசிய மண்ணாலும் ஆனவை. புராணா கிலாவில் 1954-55இல் போட்ட சோதனைக் குழிகளில் அதே கலத்தின் துண்டுகள் சில கிடைத்தன. 1969 முதல் 1973 வரை விரிவாகத் தோண்டியபோது மௌரிய காலத்திலிருந்துதான் குடியிருப்பு அடுக்குகள் தொடர்ச்சியாகத் துலங்கின. 2013-14, 2017-18, 2023 என்று பிறகும் தோண்டியிருக்கிறார்கள்.

மண் குடிசைக்கும் மயன் கட்டிய சபைக்கும் நடுவில் உள்ள தூரத்தைப் பார்த்துச் சிலர் ஏமாற்றமடைகிறார்கள், சிலர் கேலி செய்கிறார்கள். இரண்டும் ஒரே தவறான எதிர்பார்ப்பிலிருந்து பிறப்பவை. காவியம் அந்தச் சபையைப் பார்த்து வாயைப் பிளப்பதற்காக எழுதப்படவில்லை. அதன் அடியில் என்ன கிடக்கிறது என்பதை வாசகன் மறந்துவிடக்கூடாது என்பதில் அதற்கு ஒரு பிடிவாதம் இருக்கிறது. காவியத்தை அப்படியே நம்புவதானால் இந்திரப்பிரஸ்தத்துக்காகத் தோண்டுகிறவன் முதலில் எதிர்பார்க்கவேண்டியது ரத்தினக் கற்களை அல்ல, சாம்பல் அடுக்கை.

2

பாண்டவர்கள் திரௌபதியை மணந்து, துருபதனின் பலத்தோடு திரும்பி வந்தபின், திருதராஷ்டிரன் பாதி ராஜ்யம் என்று பெயர் பண்ணிக் காண்டவப்பிரஸ்தத்தைக் கொடுக்கிறான். கட்டிய நகரம் தனக்கு, காட்டுப் பக்கம் தம்பி மக்களுக்கு. அங்கே வியாசரை முன்வைத்து நிலம் அளந்து, அகழி வெட்டி, மதில் எழுப்பி, வெண்ணிற மாளிகைகளோடு ஒரு நகரம் உருவாகிறது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். காட்டை எரித்து நகரம் கட்டினார்கள் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். மூலத்தில் வரிசை அப்படி இல்லை. நகரம் முதலில் எழும்பிவிடுகிறது. அதன்பின் அர்ஜுனன் வனவாசம் போகிறான். அந்தப் பயணத்தில் உலூபி என்கிற நாககன்னிகையோடு கூடுகிறான். சுபத்திரையைக் கவர்ந்து வருகிறான். அபிமன்யு பிறக்கிறான். இவ்வளவும் ஆனபிறகு, ஆதிபருவத்தின் கடைசிக் கட்டமாகத்தான் காண்டவ தகனம் வருகிறது. இருக்க இடமில்லாமல், வேறு வழியில்லாமல் எரித்தார்கள் என்று சொல்லிக்கொள்ளும் சௌகரியத்தைக் காவியம் நமக்குத் தரவில்லை.

அது கோடைக்காலம். கிருஷ்ணனும் அர்ஜுனனும் பெண்டுகள் பரிவாரத்தோடு யமுனைக்கு உல்லாசமாகப் போகிறார்கள். ஆட்டமும் பாட்டும் மதுவும். இருவரும் தனியே உட்கார்ந்து பழைய வெற்றிகளைப் பேசிக்கொண்டிருக்கும்போது, உருக்கிய பொன்னின் நிறத்தில் ஒரு பிராமணன் வந்து நின்று பசிக்கிறது என்கிறான். வந்தவன் அக்னி. சுவேதகி என்ற அரசன் பன்னிரண்டு ஆண்டு செய்த யாகத்தின் நெய்யைக் குடித்துக் குடித்து அவனுக்கு அஜீர்ணம். காண்டவத்துப் பிராணிகளின் கொழுப்புத்தான் மருந்து என்று பிரம்மா சொல்லியிருக்கிறான். ஏழு தடவை முயன்றும் அந்த வனத்தின் யானைகளும் நாகங்களும் நீரைக் கொண்டுவந்து தீயை அவித்துவிட்டன. தவிர, நண்பனான தக்ஷகன் அங்கே இருப்பதால் இந்திரன் மழையைக் கொட்டி அதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான். இருவரும் உதவச் சம்மதிக்கிறார்கள், ஆயுதம்தான் போதாது. அக்னி வருணனிடமிருந்து காண்டீவத்தையும், அம்பு வற்றாத இரண்டு தூணிகளையும், குரங்குக்கொடி பறக்கும் தேரையும் வாங்கித் தருகிறான். கிருஷ்ணனுக்குச் சக்கரமும் கதையும் கிடைக்கின்றன. குருக்ஷேத்திரத்தில் பாண்டவர்களை ஜெயிக்கவைத்த சாதனங்களில் பிரதானமானவை இந்த ஒரு வேலைக்காகக் கைமாற்றாக வந்தவை.

பிறகு எரிப்பு. வனத்தின் இரண்டு பக்கமும் இரண்டு தேர்கள் நிற்கின்றன. வெளியே ஓடிவருகிற எந்தப் பிராணியையும் அவர்கள் விடவில்லை. பிள்ளைகளையும் பெற்றோரையும் கட்டிக்கொண்டு, விட்டு ஓட மனம் வராமல் அப்படியே வெந்தவை உண்டு. குளங்கள் கொதித்து ஆமையும் மீனும் மிதக்கின்றன. இந்திரன் பெய்கிற மழையை அர்ஜுனனின் அம்புகள் கூரை போட்டுத் தடுத்துவிடுகின்றன. தக்ஷகன் அந்தச் சமயம் குருக்ஷேத்திரம் போயிருக்கிறான். அவன் மனைவி மகன் அஸ்வசேனனைக் காப்பாற்ற அவனை விழுங்கிக்கொண்டு வானில் எழும்புகிறாள். அர்ஜுனன் அவள் தலையை அறுக்கிறான். இந்திரன் காற்றை எழுப்பி மயக்கியதால் பிள்ளை தப்புகிறான். நமுசியின் சகோதரனான மயன் என்ற தானவன் ஓடிவர, கிருஷ்ணன் சக்கரத்தை ஓங்குகிறான். மயன் அர்ஜுனனைப் பார்த்து அபயம் என்று கதற, அர்ஜுனன் பயப்படாதே என்று சொல்லிவிடுகிறான். இவர்களைத் தவிர நான்கு சார்ங்கப் பறவைக் குஞ்சுகள். ஆக ஆறு பேர். காவியம் எண்ணிச் சொல்கிறது. ஒரு வனம் அழிந்தபின் தப்பியவர்களை எண்ணி வைத்துக்கொள்கிற கவிமனம் வெற்றிப் பாட்டுப் பாடுகிற மனமாக இருக்கமுடியாது.

3

ஐராவதி கார்வே மராத்தியில் எழுதி 1967இல் வெளிவந்த 'யுகாந்த'வில் மய சபையைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. மானிடவியல்காரரான அவர் காண்டவ தகனத்தை நிலத்துக்காக நடந்த கூட்டக்கொலையாகப் பார்த்தார். அவரைப் போல அதைக் கண்ணெடுத்து நேராகப் பார்த்தவர்கள் குறைவு. வரலாற்றாசிரியர்களுக்கும் இதில் பிடிமானம் உண்டு. சதபத பிராமணத்தில் விதேக மாதவன் கதை வருகிறது. அக்னி சரஸ்வதிக் கரையிலிருந்து கிழக்கே எரித்துக்கொண்டே போகிறான். அரசனும் புரோகிதனும் பின்னால் போகிறார்கள். சதாநீரா ஆற்றங்கரையில் தீ நிற்கிறது. காடு எரிந்து வயலாவதன் நினைவு அது என்று டி. டி. கோசாம்பி போன்றவர்கள் காட்டியிருக்கிறார்கள். காண்டவத்தையும் இந்த வரிசையில் வைத்துவிடலாம். நாகர்கள் காட்டுக் குடிகள், பாம்பு அவர்கள் குலக்குறி, ஏரும் இரும்பும் அவர்களை விரட்டின. சரி.

ஆனால் இப்படிச் சொல்லி முடித்ததும் விமர்சகனின் வேலை முடிந்துவிட்டதாக நினைப்பது சோம்பல். இந்த விளக்கத்தில் காவியம் வெறும் சாட்சியாகிவிடுகிறது; அதுவும் தான் என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே உண்மையை உளறிவிட்ட சாட்சி. நாம் அதைவிடப் புத்திசாலிகளாகி, உண்மைக் காரணம் நிலம் என்று கண்டுபிடித்துவிடுகிறோம். மூலத்தில் நிலம் என்கிற காரணம் எங்குமே சொல்லப்படவில்லை என்பது உண்மைதான். சொல்லப்பட்ட காரணம் ஒரு தேவனின் வயிற்றுக் கோளாறு. ஆனால் இதை இப்படிச் சொல்லும்போது காவியத்துக்கு ஒன்றும் தெரியாது என்று எப்படி முடிவு கட்டுவது? நெய் தின்று செரிக்காதவனுக்குப் பத்தியமாக ஒரு வனத்தின் கொழுப்பு என்கிற காரணத்தில் இருக்கிற அசிங்கம் எதேச்சையாக வந்ததாகத் தெரியவில்லை. யாகம் என்கிற மிக உயர்ந்த காரியத்தின் மிச்சமாகத்தான் இந்தப் பசி வருகிறது என்பதையும் சேர்த்துப் படிக்கவேண்டும். நிலம் என்கிற காரணத்துக்காவது ஒரு உலகியல் நியாயம் இருக்கும். அதுகூடத் தரப்படவில்லை.

நாகர்கள் மனிதர்களா பாம்புகளா என்று தீர்த்துவைக்கவேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை. தக்ஷகனுக்கு வாலும் உண்டு, வம்சமும் உண்டு. அவன் மனைவி பிள்ளையை விழுங்குவது பாம்பின் செயல். அது தாயின் செயலும்கூட. பாம்புதானே என்று அலட்சியமாகப் பக்கத்தைப் புரட்டப்போகிற வாசகனை இந்த ஒரு படிமம் தடுத்து நிறுத்துகிறது. மனிதர்கள் என்று தீர்ப்பெழுதிய பிறகுதான் நமக்கு இரக்கம் வருமென்றால் குறை காவியத்தினுடையது அல்ல.

4

தீ எரிந்துகொண்டிருக்கும்போதே காவியம் ஒரு காரியம் செய்கிறது. போரை விட்டுவிட்டு ஒரு கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. மந்தபாலன் என்ற ரிஷி சந்ததிக்காகப் பறவை உருவெடுத்து ஜரிதை என்ற பெண் பறவையிடம் நான்கு குஞ்சுகளைப் பெற்று, அவளை விட்டு லபிதையிடம் போய்விட்டவன். காட்டில் தீ நெருங்குகிறது. குஞ்சுகளுக்கு இறகு முளைக்கவில்லை. தாய் தவிக்கிறாள். மரத்தடியில் இருக்கும் எலிவளைக்குள் போய்விடுங்கள், நான் மண்ணால் வாயை மூடிவிட்டு அப்புறம் வந்து எடுக்கிறேன் என்கிறாள். குஞ்சுகள் மறுக்கின்றன. வளைக்குள் எலி தின்றுவிடும். அதற்குத் தீயில் சாவது மேல் என்கின்றன. எலியைப் பருந்து கொண்டுபோனதை நான் பார்த்தேன் என்கிறாள் தாய். அந்த ஒரு எலி போயிருக்கலாம், உள்ளே வேறு எலிகள் இருந்தால் என்று வாதாடுகின்றன. நீ பறந்து போ, நீ இருந்தால் உனக்கு வேறு குஞ்சுகள் பிறக்கும் என்கின்றன. தாய் போகிறாள். குஞ்சுகள் ஒவ்வொன்றாக அக்னியைத் துதிக்கின்றன. மந்தபாலன் ஏற்கெனவே கேட்டுக்கொண்டபடி அக்னி அவற்றை விட்டுவிடுகிறான். அப்பன் பிறகு வந்து சேர்கிறான். லபிதையின் சண்டை, ஜரிதையின் கோபம், குடும்பக் கலவரம் எல்லாம் உண்டு.

பண்டிதர்கள் இதை இடைச்செருகல், கிளைக்கதை என்று ஒதுக்குவார்கள். இதில்லாமல் காண்டவ தகனம் இரண்டு வீரர்களின் பராக்கிரமக் காட்சியாகவே நின்றுபோயிருக்கும் என்று தோன்றுகிறது. அதுவரை நாம் தேர்த்தட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது தீக்குள்ளிருந்து பார்க்கிறோம். அங்கே எலிவளையா தீயா என்கிற தேர்வு. அதை நான்கு குஞ்சுகள் நிதானமாகத் தர்க்கம் செய்கின்றன. இந்தத் தர்க்கத்தில் இருக்கும் சிரிப்பை நாம் தவறவிடக்கூடாது. அதன் பின்னால் நின்று எரிகிற காட்டையும்தான். வனத்தில் இருந்த எண்ணற்ற கூடுகளில் இது ஒன்று. இந்தக் கூட்டுக்கு ரிஷியான தகப்பன் இருந்தான், அக்னியிடம் அவனுக்குச் செல்வாக்கு இருந்தது. மற்றக் கூடுகளில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று காவியம் சொல்வதில்லை. சொல்லாமலே கேட்கவைக்கிறது.

இந்தக் கதை எப்படி ஆரம்பமாகிறது என்பது இன்னும் முக்கியம். ஜனமேஜயன் கேட்க, வைசம்பாயனர் சொல்கிறார். அஸ்வசேனனும் மயனும் எரியாததன் காரணம் தெரிந்தது, சார்ங்கங்கள் ஏன் எரியவில்லை என்பதைச் சொல்லவில்லையே என்கிறான் ஜனமேஜயன். தப்பியவர்கள் ஏன் தப்பினார்கள் என்பதுதான் அவனுக்குச் சந்தேகம். எரிந்தவர்கள் ஏன் எரியவேண்டியிருந்தது என்று அவன் கேட்பதில்லை. இதைக் கேட்கும்போது அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான்? சர்ப்ப யாகசாலையில். தன் தகப்பன் பரீக்ஷித்தைக் கடித்துக் கொன்ற தக்ஷகனைப் பழிவாங்க, பாம்புக் குலம் முழுவதையும் மந்திரத்தால் இழுத்துத் தீயில் தள்ளுகிற யாகம் அவனுடையது. அந்த யாகத்தின் இடைவேளைகளில்தான் பாரதக் கதை அவனுக்குச் சொல்லப்படுகிறது.

காவியத்தின் கதைச்சட்டம் என்று நாம் பாடம் ஒப்பித்துவிட்டுப் போகிற விஷயம் இது. உண்மையில் இது ஒரு குற்றப்பத்திரிகையின் அமைப்பு. காண்டவத்தில் நாகங்களை எரித்த அர்ஜுனனின் கொள்ளுப்பேரன், மறுபடியும் நாகங்களை எரித்துக்கொண்டே, முதல் எரிப்பின் கதையைக் கேட்கிறான். கேட்டும் உறைக்கவில்லை. ஆஸ்திகர் வந்துதான் நிறுத்தவேண்டியிருக்கிறது. அவர் தாய்வழியில் நாகர், தந்தைவழியில் பிராமணர். இரண்டு பக்கத்து ரத்தமும் ஓடுகிற ஒருவன்தான் தீக்கு நடுவில் விழுந்துகொண்டிருந்த தக்ஷகனை நில் என்று சொல்லி நிறுத்த முடிகிறது. காவியத்தின் வாசலிலேயே வைக்கப்பட்டிருக்கும் இந்தக் காட்சியை ஒதுக்கிவிட்டு இந்திரப்பிரஸ்தத்தின் பெருமையைப் பேச முடியாது.

5

இனி சபை. உயிர் பிழைத்த மயன் அர்ஜுனனிடம் வந்து, உனக்கு என்ன செய்யட்டும் என்கிறான். அர்ஜுனனுக்கு ஒரு கௌரவம். உயிரைக் கொடுத்ததற்குக் கூலி வாங்கக்கூடாது, வேண்டுமானால் கிருஷ்ணனுக்கு ஏதாவது செய் என்கிறான். கிருஷ்ணன் யோசித்து, யுதிஷ்டிரனுக்கு ஒரு சபை கட்டு, மனிதர் யாரும் அதைப்போல் இன்னொன்று செய்துவிட முடியாதபடி கட்டு என்கிறான். மயன் வடக்கே போய்ப் பிந்துஸரஸில் வைத்திருந்த பொருள்களைக் கொண்டுவந்து 14 மாதங்களில் முடிக்கிறான். 8000 கிங்கரர்கள் காவல். ஆதிபருவம் தீயில் முடிந்த அடியோடு சபாபருவம் இதில் தொடங்குகிறது. இரண்டு பருவங்களுக்கும் நடுவில் வாசகனுக்கு மூச்சுவிட நேரமில்லை.

ஆக, பாண்டவர்களின் பெருமைக்கெல்லாம் சிகரமான அந்தச் சபை, சாவுக்குப் பயந்து நடுங்கிய ஒருவன் கொடுத்த மீட்புப் பணம். அதன் அழகு எப்படிப்பட்டது? தரை நீராகத் தோன்றும், நீர் தரையாகத் தோன்றும், சுவர் வாசலாகத் தோன்றும். நன்றியால் கட்டினானா, பகையால் கட்டினானா? நன்றி என்றே மூலம் சொல்கிறது. ஆனால் இருக்கிறது எது இல்லாதது எது என்று கண் தீர்மானிக்கமுடியாத ஒரு மண்டபத்தில் ஒரு ராஜ்யத்தைக் கொண்டுவந்து உட்காரவைத்ததற்கு மேல் பகையாலும் ஒருவன் என்ன செய்துவிட முடியும்? சபையில் குடியேறியதும் நாரதர் வந்து தேவசபைகளை வர்ணித்து, இந்திரன் சபையில் இருக்கும் ஹரிச்சந்திரனைச் சொல்லி ராஜசூய ஆசையை எழுப்பிவிட்டுப் போகிறார். ராஜசூயத்துக்காக ஜராசந்தன் சாகிறான், ராஜசூயத்தில் சிசுபாலன் சாகிறான். விருந்தாளிகள் போனபிறகும் தங்கியிருந்த துரியோதனன் பளிங்கைத் தண்ணீர் என்று உடையைத் தூக்குகிறான், தண்ணீரைப் பளிங்கென்று மிதித்து விழுகிறான்.

யார் சிரித்தார்கள் என்பதில் ஒரு நுட்பம் உண்டு. நிகழ்ச்சியைச் சொல்லும் இடத்தில் பீமனும் தம்பிகளும் வேலைக்காரர்களும் சிரிக்கிறார்கள். திரௌபதி பெண்களோடு சேர்ந்து சிரித்தாள் என்பது, பிற்பாடு துரியோதனன் தன் தகப்பனிடம் புழுங்கும்போதுதான் வருகிறது. குருடன் மகனும் குருடன் என்று அவள் சொன்னதாக மேடைகளிலும் திரையிலும் வழங்கும் வசனம் சமஸ்கிருத மூலத்தில் இல்லை. சிரிப்பை முழுக்க அவள் தலையில் கட்டியபிறகு எல்லாம் சுலபமாகிவிடுகிறது. ஒரு பெண் வாய் அடக்காததால் ஒரு யுத்தம் வந்தது. சபை எதிலிருந்து வந்தது என்று யாரும் கேட்கவேண்டியதில்லை.

துரியோதனன் தரப்பு செய்கிற முதல் காரியம் ஹஸ்தினாபுரத்தில் ஒரு போலிச் சபையைக் கட்டுவது. ஆயிரம் தூண், நூறு வாசல். அங்கே உருளும் பகடையில் இந்திரப்பிரஸ்தம் போய்விடுகிறது. போன பிறகு அது காவியத்தில் என்ன ஆகிறது என்று தொடர்ந்து பார்த்தவர்கள் குறைவு. சஞ்சயன் தூது வரும்போது, இந்திரப்பிரஸ்தத்தை எனக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிறான் யுதிஷ்டிரன். பிறகு ஐந்து கிராமங்களுக்கு இறங்குகிறான். விருகஸ்தலம், மாகந்தி, வாரணாவதம் என்று பெயர் சொல்லிக் கேட்கிற அந்தப் பட்டியலில் இந்திரப்பிரஸ்தம் இல்லை. பானிபட், சோனிபட், பாக்பட், தில்பட்டோடு இந்தர்பட்டையும் சேர்த்து ஐந்தாக்கியது வடநாட்டு வாய்மொழி. யுத்தத்தை ஜெயித்தபிறகும் அவன் ஆள்வது ஹஸ்தினாபுரத்திலிருந்துதான். உலகத்தில் இல்லாத சபை ஒன்று இருந்த ஊர் திரும்பக் கைக்கு வந்ததும் யாரும் அங்கே போய் உட்காரவில்லை.

6

இந்த நீண்ட கணக்கு தமிழில் நமக்கு எப்படி வந்து சேர்ந்திருக்கிறது? வில்லிபுத்தூரார் காண்டவ தகனத்துக்கு ஒரு சருக்கமே ஒதுக்கியிருக்கிறார். ஆனால் அவருடைய பாரதம் சௌப்திக பருவத்தோடு நின்றுவிடுகிறது. ஜெயித்தவர்களை ஜெயித்த இடத்திலேயே விட்டுவிடுகிறது. எரித்ததற்காக வாங்கிய வில்லை அர்ஜுனன் திருப்பிக் கொடுக்கிற கட்டம் அதில் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை மீதிப் பருவங்களையும் சேர்த்து ஏறத்தாழ 14,000 பாடல்களுக்கு விரித்தார். படிப்பிலும் பிரசங்கத்திலும் நிலைத்தவர் வில்லிதான். கடனை வாங்கிய கதை தெரிந்து, கட்டிய கதை தெரியாமல் ஒரு பரம்பரை வளர்ந்தது.

மறுபக்கம் அரவான். உலூபியிடம் அர்ஜுனனுக்குப் பிறந்த நாகன் மகன். சமஸ்கிருதத்தில், தகப்பன் மேல் இருந்த பகையால் நாகர் உறவினன் ஒருவன் கைவிட்டுவிட, தாய் வளர்த்தவன். எட்டாம் நாள் போரில் அலம்புசன் கையில் சாகிறான். தமிழ் மரபு அவனைக் களப்பலியாக்கியது. பாண்டவர் வெற்றிக்காக முன்கூட்டியே அறுத்துக் கொடுக்கப்படுகிறவன் அவன். கூவாகத்தில் இன்றும் வருஷாவருஷம் அவனுக்காகத் தாலி கட்டி அறுத்து அழுகிறார்கள். காண்டவத்தை மறந்த பூமி என்று முழுக்கச் சொல்லிவிட முடியாதபடி, பாண்டவருக்காகச் செத்த ஒரு நாகனுக்கு இங்கே ஒப்பாரி இருக்கிறது. புலவர்களின் பாரதம் விட்ட இடத்தைக் கிராமம் தன் வழியில் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நவீன தமிழின் பெரிய பாரதக் கவிதை 'பாஞ்சாலி சபதம்'. அதன் முதல் பாகம் 1912இல் வந்தது. தருமன் நாட்டை வைத்துச் சூதாடும் இடத்தில் பாரதி கதையை நிறுத்திவிட்டுச் சீறுகிறான். கோயிலில் பூசை செய்கிறவன் சிலையை விற்கலாமா, வாசலில் நிற்கிற காவலாளி வீட்டை வைத்து இழக்கலாமா, குடிமக்கள் ஆட்டு மந்தையா என்று கேட்கிறான். இந்தக் கேள்வியை வியாசர் கேட்கவில்லை, வில்லி கேட்கவில்லை. ராஜ்யம் ராஜாவின் சொத்து அல்ல என்பது தமிழ்க் கவிதையில் இத்தனை உஷ்ணத்தோடு இதற்குமுன் பேசப்பட்டதில்லை என்று எண்ணுகிறேன்.

ஆனால் கேள்வி ஒரு படி முன்னால் நின்றுவிடுகிறது. காவலாளி வீட்டை விற்றான். சரி. அந்த வீட்டில் முதலில் இருந்தவர்கள் யார்? பாரதியின் குடிமக்கள் கணக்கு இந்திரப்பிரஸ்தத்தின் மதிலோடு முடிகிறது. காண்டவத்துக்காரர்கள் அதில் இல்லை. சூதில் பறிபோன நாட்டில் பாரதி தன் காலத்து அடிமை தேசத்தைப் பார்த்தான். பறிகொடுத்தவனின் நியாயம் அவனுக்கு அவசரமாகத் தேவைப்பட்டது. அந்த நேரத்தில் பறிகொடுத்தவனே முன்பு பறித்தவன் என்பதை எடுத்துப் பேசியிருக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ஒரு சிறு தீப்பொறியை மரப்பொந்தில் வைத்ததில் காடு முழுக்க வெந்து தணிந்ததைக் கொண்டாடும் அவனுடைய சின்னக் கவிதையும் வேறு தீயைப் பற்றியது. இருந்தாலும் அந்தக் காட்டில் ஒரு கூடுகூட இல்லை என்பதைப் பாரதியை நேசிக்கிறவன் கவனிக்கத்தான் வேண்டும்.

1912இன் நெருக்கடி பாரதிக்கு இருந்தது. நமக்கு அந்தச் சலுகை இல்லை. அணைக்காகவும் சுரங்கத்துக்காகவும் ஊர்களைக் காலி செய்ய வைத்த பல பத்தாண்டுகளைப் பார்த்துவிட்டோம். அப்படிக் காலி செய்ய வைத்தபின் எழுந்தவற்றின் மினுக்கத்தையும் பார்த்துவிட்டோம். இதற்குப் பிறகும் பாரதக் கதையைத் திரும்ப எழுதுகிறவர்கள் கர்ணனுக்கும் திரௌபதிக்கும் நியாயம் கேட்டு, அத்தோடு புரட்சி முடிந்ததென்று நினைத்துக்கொள்கிறார்கள். குடும்பத்துக்குள் நடந்த அநியாயங்கள் அவை. குடும்பத்துக்கு வெளியே நடந்ததுதான் காண்டவம்.

7

காவியம் மறக்கவில்லை. கர்ணனின் அம்பில் அஸ்வசேனன் ஏறி வருகிறான். கிருஷ்ணன் தேரை அழுத்த, அர்ஜுனனின் கிரீடம் மட்டும் போகிறது. மறுபடியும் எய்யச் சொல்லி வந்தவனைக் கர்ணன் மறுத்துவிடுகிறான். தனியாகப் பாய்ந்த அஸ்வசேனனை அர்ஜுனன் கொல்கிறான். பாண்டவர்களின் ஒரே வாரிசான பரீக்ஷித்தைத் தக்ஷகன் முடிக்கிறான். யாதவர்கள் அடித்துக்கொண்டு செத்து, துவாரகையைக் கடல் கொண்டபின், மிஞ்சிய பெண்களையும் குழந்தைகளையும் அர்ஜுனன் கூட்டிக்கொண்டு வருகிறான். வழியில் தடி ஏந்திய கொள்ளைக்காரர்கள் மறிக்கிறார்கள். காண்டீவத்தை நாணேற்றவே பெரும்பாடாகிறது. வற்றாத தூணிகள் வற்றிவிடுகின்றன. கண்ணெதிரே பெண்களைக் கொண்டுபோகிறார்கள். மீந்தவர்களில் கிருஷ்ணனின் கொள்ளுப்பேரன் வஜ்ரனை அவன் கொண்டுவந்து அமர்த்துகிற இடம் இந்திரப்பிரஸ்தம். நீரில் போன ஊரின் அகதிகளுக்குத் தீயில் பிறந்த ஊர் இடம் கொடுக்கிறது. அந்த ராஜ்யம் காவியத்தில் கடைசியாக உபயோகப்பட்டது இதற்குத்தான்.

ஐவரும் திரௌபதியும் மரவுரி உடுத்திப் புறப்பட்டுவிட்டார்கள். எல்லாவற்றையும் துறந்தாகிவிட்டது. அர்ஜுனன் மட்டும் காண்டீவத்தை விடவில்லை. ரத்தினத்தின் மேலுள்ள ஆசையால் விடவில்லை என்று மூலம் பச்சையாகச் சொல்கிறது. வழியை மறித்துக்கொண்டு மலைபோல் ஒருவன் நிற்கிறான். நான் அக்னி, காண்டவத்தை எரித்தவன் என்கிறான். உனக்காக வருணனிடமிருந்து வாங்கி வந்தது அந்த வில், அதைத் திருப்பிக் கொடு என்கிறான். இத்தனை யுத்தங்களுக்குப் பிறகு அவன் தன்னை எந்தப் பெயரால் அறிமுகப்படுத்திக்கொள்கிறான் என்று பார்க்கவேண்டும். தம்பிமார்கள் சொல்ல, அர்ஜுனன் வில்லையும் தூணிகளையும் தண்ணீரில் எறிகிறான்.

வருணனுக்கு அவனுடைய பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. வனத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்டு யாரும் வழி மறிக்கவும் இல்லை. காவியத்தின் நீதி இதற்குமேல் போகவில்லை. இதற்குமேல் கேட்கவேண்டியதைக் கேட்பது அதை இன்று படிக்கிறவன் பொறுப்பு.